அடித்தாலும் அசுவினி ஏன் திரும்பி வருகிறது? வீட்டுச் செடிகளில் இயற்கைக் கட்டுப்பாட்டின் கணக்கு

செடியின் நுனியில் அசுவினிப் பூச்சி மொய்த்திருக்கிறது என்று சொன்னால் போதும், ஆளுக்கொரு பதில் வரும். சோப்புத் தண்ணீர் அடி, வேப்பெண்ணெய் அடி, பூண்டு அரைத்துத் தெளி, சாம்பல் தூவு, பொறிவண்டு வாங்கி விடு. இவற்றில் சில உண்மையிலேயே அசுவினியைக் கொல்லும். ஆனாலும் அடித்த மறுநாள் செடி சுத்தமாகத் தெரிவதும், இரண்டு வாரத்தில் முன்பைவிட அதிகமாக மொய்ப்பதும் பலர் படும் பாடு. அப்புறம் மருந்தின் மேல் சந்தேகம் வரும், அளவைக் கூட்டுவார்கள், இலை கருகும்.

பெரும்பாலும் தவறு மருந்தில் இருப்பதில்லை. அசுவினி பெருகுவது ஒரு வேகத்தில், நாம் அதைக் கொல்வது வேறொரு தாளத்தில். அந்தக் கணக்கு புரிந்துவிட்டால் எந்த வழியை எப்போது, எத்தனை முறை கையாள வேண்டும் என்பதும், எதைத் தொடவே கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

## முதலில், அது அசுவினிதானா?

அசுவினி 1 முதல் 4 மில்லிமீட்டர் வரை நீளமுள்ள, மெத்தென்ற உடல் கொண்ட பூச்சி. பச்சை, கறுப்பு, மஞ்சள், சாம்பல், இளஞ்சிவப்பு என்று நிறம் மாறும். நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். உறுதியான அடையாளம் பின்புறத்தில் இருக்கிறது. ஒரு கைவில்லையில் பார்த்தால் உடலின் பின்பகுதியில் இரண்டு சிறிய குழல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். சில இனங்களில் அவை மிகக் குட்டையாக இருக்கும், அவ்வளவுதான்.

குழப்பம் வரும் இடங்கள் சில:

1. இலை மேல் கிடக்கும் வெள்ளைத் துகள்கள். பலர் இதைப் பூஞ்சை என்றோ வெள்ளை ஈ என்றோ நினைக்கிறார்கள். பெரும்பாலும் அவை அசுவினி உரித்துப் போட்ட தோல்கள். குஞ்சு வளர்ந்து முடிவதற்குள் பொதுவாக நான்கு முறை தோலுரிக்கும்.
2. செடியை அசைத்ததும் சின்னச் சின்னதாக வெள்ளையாய்ப் பறந்தால் அது வெள்ளை ஈ. அசுவினி அப்படிக் கிளம்பாது. பெரும்பாலானவற்றுக்கு இறக்கையே கிடையாது.
3. பஞ்சு போல் அப்பியிருந்தால் மாவுப்பூச்சி.
4. இலையில் வெள்ளிக் கீறல் போலத் தெரிந்தால் இலைப்பேன். மெல்லிய வலையும் பொடிப்புள்ளிகளும் இருந்தால் சிலந்திப் பேன்.

உலகில் சுமார் 5,000 அசுவினி இனங்கள் உண்டு. பெரும்பாலானவை வாய்ருசி குறுகியவை. முட்டைக்கோஸில் சாம்பல் பூசினாற்போல் இருக்கும் இனம் முட்டைக்கோஸ், காலிபிளவர், கடுகு குடும்பத்தை விட்டு வெளியே போகாது. பக்கத்துத் தொட்டிப் புதினாவுக்கு அதனால் ஆபத்தில்லை. ஆனால் பருத்தி அசுவினி போன்ற சில இனங்கள் வெள்ளரி, வெண்டை, கத்தரி, மிளகாய் என்று எங்கும் உட்காரும். பீன்ஸ், தட்டைப்பயறு கொடிகளில் பளபளப்பான கறுப்பாய் அப்பியிருப்பது பெரும்பாலும் தட்டைப்பயறு அசுவினி. ஒரு செடியில் கண்டதும் தோட்டம் முழுக்கத் தெளிப்பது பெரும்பாலும் வீண் வேலை என்பதற்கு இதுவே காரணம்.

## சாறு, இனிப்புக் கழிவு, எறும்பு

அசுவினி இலையைக் கடித்துத் தின்பதில்லை. ஊசி போன்ற வாயைத் தண்டுக்குள் இறக்கி, செடி தான் தயாரித்த சர்க்கரையைக் கொண்டுசெல்லும் புளோயம் என்ற குழாயைத் தேடிப் பிடிக்கிறது. அந்தக் குழாயில் சாறு அழுத்தத்தோடு ஓடுவதால், உறிஞ்சும் சிரமம்கூட அதிகம் இல்லை.

சாற்றில் சர்க்கரை ஏராளம். உடல் வளரத் தேவையான அமினோ அமிலங்களோ குறைவு. அதனால் அசுவினி தேவைக்கு மேல் குடித்து, மிஞ்சும் சர்க்கரையைப் பின்வழியாகச் சொட்டுகிறது. இலையில் கை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டுவது அந்த இனிப்புக் கழிவுதான். அதன்மேல் கரும்பூசணம் வளரும். கரும்பூசணம் இலையைத் துளைத்து உள்ளே போவதில்லை. ஆனால் வெளிச்சத்தை மறைக்கும், பறித்த கீரையையும் இலையையும் பார்க்கவே பிடிக்காமல் செய்துவிடும். ஈரத்துணியால் துடைத்தால் வந்துவிடும்.

சாற்றில் உள்ள இந்த அமினோ அமிலப் பற்றாக்குறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உரம் பற்றிப் பேசும்போது இது திரும்ப வரும்.

இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் வரும். வந்தவை சும்மா குடித்துவிட்டுப் போவதில்லை. அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டு, அதன் புழு, ஒட்டுண்ணிக் குளவி எல்லாவற்றையும் விரட்டும். சில எறும்பு இனங்கள் அசுவினியைப் புதுத் துளிருக்குத் தூக்கிச் சென்றும் விடும். ஆகவே செடியில் எறும்பு வரிசை ஏறி இறங்குகிறது என்றால், அங்கே இயற்கை எதிரிகள் வேலை செய்ய முடியாத நிலை இருக்கிறது என்று பொருள். எறும்பு தானே செடியைத் தின்பதில்லை என்று விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். என் கணிப்பில், வீட்டுத் தோட்டத்தில் கவனிக்கப்படாமல் போகும் மிகப் பெரிய காரணம் இதுதான்.

## பிறப்புக் கணக்கு

அசுவினியின் இனப்பெருக்கத்தில் மூன்று விஷயங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன.

1. வளரும் பருவத்தில் ஆணே தேவையில்லை. பெண்கள் மட்டும் இருந்து பெண்களையே பெறுகின்றன.
2. முட்டையிட்டுக் காத்திருப்பதும் இல்லை. நேரடியாகக் குஞ்சு போடுகின்றன.
3. பிறக்கப்போகும் குஞ்சின் வயிற்றுக்குள்ளேயே அடுத்த தலைமுறையின் கரு உருவாகத் தொடங்கியிருக்கும். அதாவது ஒரு தாய்க்குள் மகளும், அந்த மகளுக்குள் பேத்தியும் ஒரே நேரத்தில்.

இதமான வெப்பநிலையில், அதாவது 20 முதல் 25 டிகிரி செல்சியஸில், பிறந்த குஞ்சு ஒரு வாரம் பத்து நாளில் தானே குஞ்சு போடத் தயாராகிவிடும். ஒரு தாய் தன் வாழ்நாளில் சில டஜன் குஞ்சுகள் போடும். நல்ல சாறு கிடைத்தால் 80, 100 வரைகூடப் போகும்.

கணக்குக்குக் குறைவாகவே எடுத்துக்கொள்வோம்: தாய்க்கு 40 குஞ்சு, வளர 8 நாள். எதுவும் சாகாவிட்டால் ஒன்று 40 ஆகும், 40 என்பது 1,600 ஆகும், அது 64,000 ஆகும். ஒரு மாதம், சற்றுக் கூடலாம்.

இப்போது மருந்துக்கு வருவோம். செடியில் 100 அசுவினி. நன்றாகத் தெளித்து 90ஐக் கொன்றுவிட்டீர்கள். கண்ணுக்குச் செடி சுத்தம். மீதி 10 இலைச் சுருட்டலுக்குள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 40 போட்டால் அடுத்த தலைமுறை 400. தொடங்கியதைப்போல நான்கு மடங்கு. மருந்து 90 சதவீதம் வேலை செய்தும் நீங்கள் தோற்றுவிட்டீர்கள்.

எண்ணிக்கை ஏறாமல் நிற்க வேண்டுமென்றால் 40 குஞ்சில் ஒன்றுதான் தாயாக வேண்டும். 39 அதற்கு முன்பே சாக வேண்டும். அது 97.5 சதவீதம். ஒரே நாளில் ஒரே தெளிப்பில் அந்த அளவை எட்டுவது வீட்டுத் தோட்டத்தில் அரிது.

ஆனால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தால்? ஒரு நாளைக்கு இருப்பதில் 40 சதவீதம் சாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 குஞ்சில் முதல் நாள் முடிவில் 60, இரண்டாம் நாள் 36, நான்காம் நாள் 13, எட்டாம் நாள் முடிவில் இரண்டுகூட முழுதாக மிஞ்சாது. 98 சதவீதத்துக்கு மேல் தாயாகும் முன்பே போய்விட்டது. கூட்டம் சுருங்கத் தொடங்கிவிடும்.

ஒரு நாளில் 90 போதவில்லை. தினம் 40 போதுகிறது. கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்த அளவுகோலில்தான் பார்க்க வேண்டும்.

## தினமும் கொல்பவை

நாள்தோறும் விடுமுறையில்லாமல் அசுவினியைக் குறைப்பவை அதன் இயற்கை எதிரிகள். அவற்றை அடையாளம் தெரியாமல் நசுக்குவது அடிக்கடி நடக்கிறது. அதனால் உருவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பொறிவண்டு. வண்டை எல்லோருக்கும் தெரியும். அதன் புழுதான் அதிகம் தின்பது, அதைத்தான் யாருக்கும் தெரியாது. கறுப்பும் ஆரஞ்சும் கலந்து, ஆறு கால்களோடு, குட்டி முதலை மாதிரி இருக்கும். ஏதோ விஷப்பூச்சி என்று கொன்றுவிடுகிறார்கள். முட்டைகள் மஞ்சள் நிறத்தில் சிறு கொத்தாக இலையடியில் செங்குத்தாக நிற்கும். சில சிறு பொறிவண்டு இனங்களின் புழு உடல் முழுக்க வெள்ளை மெழுகு இழைகளோடு இருக்கும். மாவுப்பூச்சி என்றே தோன்றும். விறுவிறுவென்று நகர்ந்தால் அது பொறிவண்டுப் புழு, விட்டுவிடுங்கள்.

சிர்பிட் ஈ. பூவின் மேல் அந்தரத்தில் நின்று பறக்கும், தேனீ போலக் கோடு போட்ட ஈ. இதன் புழுவுக்குக் கால் இல்லை, தலை தெரியாது, பச்சையோ பழுப்போ கலந்த சிறு அட்டை போல அசுவினிக் கூட்டத்துக்குள்ளேயே கிடக்கும். புழுப் பருவம் முடிவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினியைத் தின்றுவிடும்.

கண்ணாடி இறக்கைப் பூச்சி. முட்டை ஒவ்வொன்றும் முடியளவு மெல்லிய காம்பின் நுனியில் தனியே நிற்கும். அந்தக் காம்பைப் பார்த்துப் பூஞ்சை என்று துடைத்துவிடாதீர்கள்.

ஒட்டுண்ணிக் குளவி. கொசுவைவிடச் சிறியது, மனிதரைக் கொட்டாது. அசுவினியின் உடலுக்குள் ஒரு முட்டை வைக்கும். உள்ளே புழு வளர வளர அசுவினி உப்பி, பழுப்பு நிறமாகி, காகிதம் போல் காய்ந்து இலையோடு ஒட்டிக்கொள்ளும். இதை மம்மி என்பார்கள். மம்மியின் முதுகில் வட்டமாக ஒரு துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. துளை இல்லாத மம்மிகள் உள்ள இலையைப் பறித்துக் குப்பையில் போட்டால், அடுத்த வாரம் உங்களுக்காக வேலை செய்யப்போகும் குளவிகளைத்தான் தூக்கி எறிகிறீர்கள்.

இவற்றில் ஒரே ஒரு சிக்கல்: தாமதம். அசுவினி முதலில் வரும், எதிரிகள் பின்னால்தான் வரும். தின்ன ஏதாவது இருந்தால்தானே வரும். அந்த இடைவெளியில்தான் நமக்குப் பொறுமை போகிறது. அப்போது எல்லாப் பூச்சியையும் கொல்லும் மருந்தை அடித்தால், அசுவினியும் எதிரிகளும் சேர்ந்து சாகும். ஆனால் பிறகு ஒரு வாரத்தில் மீண்டு வருவது அசுவினி மட்டும். எதிரிகள் முட்டையிட்டு, புழுவாகி, கூட்டுப்புழுவாகி வருவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அடித்த பின் முன்பைவிட அதிகமாக மொய்ப்பதற்குப் பின்னாலுள்ள இரண்டாவது காரணம் இது. செயற்கை மருந்தோ தாவர மருந்தோ, எல்லாவற்றையும் கொல்வதாக இருந்தால் விளைவு ஒன்றுதான்.

எதிரிகளை எப்படி அழைப்பது? வளர்ந்த சிர்பிட் ஈயும் குளவியும் மகரந்தம், பூந்தேன் சாப்பிட்டு வாழ்பவை. அவற்றின் வாய் சிறியது. கொத்தமல்லி, சோம்பு, சதகுப்பை போன்ற திறந்த சின்னப் பூக்கள்தான் அவற்றுக்கு வாகு. கொத்தமல்லி பூத்ததும் வீணாகிவிட்டது என்று பிடுங்குவதை நிறுத்தி, இரண்டு மூன்று செடிகளை அப்படியே பூக்க விட்டாலே போதும். துளசிப் பூவும் பயன்படும்.

பொறிவண்டை வாங்கி விடுவது பற்றியும் கேட்கிறார்கள். திறந்த வெளியில் விடப்படும் வளர்ந்த வண்டுகள் பெரும்பாலும் ஓரிரு நாளில் பறந்துவிடும். மூடிய பசுமைக்குடிலில் அது வேறு கதை. வீட்டுத் தோட்டத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

## தண்ணீர்: எளிய வழி, குறைத்து மதிப்பிடப்பட்ட வழி

எதிரிகள் வரும்வரை இடைவெளியை நிரப்ப ஏதாவது வேண்டும். அதற்குச் சிறந்தது வெறும் தண்ணீர்தான். குழாய் முனையை விரலால் அழுத்தி, இலையின் அடிப்பக்கத்தில் பீய்ச்சினால் அசுவினி உதிரும். சாற்றுக் குழாய்க்குள் வாயைச் செருகிய நிலையில் பிய்த்தெடுக்கப்படுவதால் பலவற்றுக்கு அடிபடும். இறக்கையற்ற மெதுவான பூச்சி என்பதால் கீழே விழுந்தவற்றில் கொஞ்சம்தான் மறுபடி ஏறி வரும். மற்றவை பட்டினியிலோ, தரையில் திரியும் சிலந்தி, வண்டுகளின் வாயிலோ போகும்.

மேலே போட்ட கணக்கு இங்கே நேரடியாகப் பொருந்துகிறது. ஒருநாள் பலமாக அடித்துவிட்டு மறந்துவிடுவதைவிட, ஒரு வாரம் தினமும் காலையில் அடிப்பது பல மடங்கு மேல். காலை என்பது இலை உலர நேரம் கிடைப்பதற்காக. இரவு முழுக்க ஈரமாக நின்றால் பூஞ்சை நோய் வரும். கத்தரி, மிளகாய், வெண்டை, அவரை எல்லாம் இந்த வேகத்தைத் தாங்கும். கொத்தமல்லி போன்ற மெல்லிய தண்டுச் செடிகளை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் செய்ய வேண்டும்.

சுருண்ட இலைக்குள் தண்ணீர் போகாது, வேறெந்தத் தெளிப்பும் போகாது. அங்கே ஒளிந்திருப்பவைதான் ஒவ்வொரு முறையும் தப்பும் அந்தப் பத்து. ஆகவே தெளிப்பதற்கு முன் சுருண்ட நுனிகளைக் கிள்ளி எடுத்து விடுவது அவசியம். புழுவோ மம்மியோ இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்துவிட்டு.

எறும்புக்கும் இதே நேரத்தில் வழி செய்ய வேண்டும். தொட்டியாக இருந்தால் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே கல் வைத்து அதன்மேல் தொட்டியை நிறுத்தலாம். தொட்டியின் அடி தண்ணீரில் ஊறக் கூடாது. தடித்த தண்டுள்ள செடிக்குக் காகிதப் பட்டை சுற்றி, அதன்மேல் ஒட்டும் பசை பூசலாம். பசையை நேராகத் தண்டில் பூச வேண்டாம். பக்கத்துச் சுவரையோ கம்பியையோ இலை தொட்டுக்கொண்டிருந்தால் எறும்பு அந்தப் பாலத்தில் ஏறும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

## சோப்பும் எண்ணெயும்: எப்படிக் கொல்கின்றன

தண்ணீர் போதாதபோது சோப்பு. இங்கே சோப்பு என்பது கொழுப்பு அமிலங்களின் பொட்டாசிய உப்பு, தோட்டத்துக்கென்றே வரும் திரவச் சோப்பு. பாத்திரம் கழுவும் திரவம் பெரும்பாலும் சோப்பே அல்ல, டிடர்ஜென்ட். அது இலையின் மேலுள்ள மெழுகுப் படலத்தைக் கரைத்து இலையைக் கருக்கும். "சோப்பு அடித்தேன், செடி போய்விட்டது" என்ற புகார்களில் பல இங்கிருந்துதான் வருகின்றன.

சோப்பு பூச்சியின் மெல்லிய தோலைச் சிதைத்து, உடலின் நீரை இழக்க வைக்கிறது. ஈரமாக இருக்கும்போது மட்டும், நேராக மேலே பட்டால் மட்டும் வேலை செய்யும். காய்ந்த பின் இலையில் எந்தப் பாதுகாப்பும் மிஞ்சாது. இதைக் குறை என்று சிலர் சொல்கிறார்கள். நாளை வந்து உட்காரும் பொறிவண்டுக்கு அதனால் ஆபத்தில்லை. எனவே எனக்கு இது நிறை.

செய்முறை:

1. 1 லிட்டர் தண்ணீருக்கு 10 முதல் 20 மில்லி திரவச் சோப்பு. அதற்கு மேல் போனால் பூச்சியைவிட இலைக்குத்தான் கேடு. புட்டியில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.
2. கடின நீர் வேண்டாம். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளையாகத் திரிந்துவிடும். தெளிப்பது வெறும் தண்ணீர் மாதிரிதான். மழைநீரோ மென்னீரோ நல்லது.
3. முதலில் இரண்டு இலையில் அடித்து ஒரு நாள் பாருங்கள். கருகினால் அந்தச் செடிக்கு ஒத்துவரவில்லை.
4. வெயில் இல்லாத நேரத்தில், செடி வாடியிராதபோது, இலையடி சொட்டச் சொட்ட நனையும்படி அடிக்க வேண்டும். 32 டிகிரிக்கு மேல் வெப்பம் இருந்தால் தள்ளிப்போடுங்கள்.
5. பொறிவண்டுப் புழு, மம்மி உள்ள இலைகளை விட்டுவிடுங்கள். சோப்பு அந்தப் புழுக்களையும் கொல்லும்.
6. நான்கைந்து நாளில் இன்னொரு முறை.

ஆறாவதுதான் முக்கியம். முதல் முறை 90 சதவீதம், மிஞ்சியவை வளர்ந்து பெருகுவதற்குள் இரண்டாம் முறை 90 சதவீதம் என்றால் மொத்தம் 99. அந்த 97.5ஐத் தாண்டிவிட்டீர்கள். இரண்டாம் தெளிப்பைப் பதினைந்து நாள் கழித்துச் செய்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். இடையில் ஒரு முழுத் தலைமுறை பிறந்திருக்கும்.

வேப்பெண்ணெய் இரண்டு விதமாக வேலை செய்கிறது. எண்ணெய் என்ற முறையில் பூச்சியின் மூச்சுத் துளைகளை அடைக்கிறது. அதிலுள்ள அசாடிராக்டின் என்ற பொருள் தின்னும் ஆசையைக் குறைத்து, குஞ்சுகள் தோலுரிப்பதைக் குலைக்கிறது. இரண்டாவது விளைவு தெரியச் சில நாள் ஆகும். மறுநாள் காலையில் அசுவினி உயிரோடிருப்பதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். சுத்திகரித்துத் தெளிந்த வேப்பெண்ணெய்ப் பொருட்களில் அசாடிராக்டின் நீக்கப்பட்டிருக்கும், அவை வெறும் எண்ணெயாகவே வேலை செய்யும். செக்கில் பிழிந்த எண்ணெயில் அது உண்டு, அளவு மட்டும் எண்ணெய்க்கு எண்ணெய் மாறும்.

1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய், அது தண்ணீரோடு கலக்க 1 அல்லது 2 மில்லி சோப்புத் திரவம். சோப்பை எண்ணெயில் முதலில் கலந்து பிறகு தண்ணீர் சேர்த்தால் திரியாது. வெயில் அசாடிராக்டினைச் சிதைத்துவிடும், ஆகவே மாலையில் தெளிக்க வேண்டும். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். பூவில் தேனீ வந்துபோகும் நேரத்தில் கூடாது. எண்ணெய்க்குப் பதில் வேப்பங்கொட்டைக் கரைசலும் செய்யலாம்: 50 கிராம் பருப்பை இடித்து 1 லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து வடிகட்டினால் 5 சதவீதக் கரைசல்.

## வேண்டாத வேலைகள்

புகையிலைக் கஷாயம். அசுவினி சாகும், மறுப்பதற்கில்லை. அதைக் கொல்வது நிகோடின்; மனிதருக்கும் கடும் நஞ்சு, தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். பறித்ததும் வாயில் போடும் கீரையிலும் புதினாவிலும் இதற்கு இடமே இல்லை. புகையிலை வழியாகத் தேமல் வைரஸ் தக்காளி, மிளகாய்க்குத் தொற்றும் ஆபத்தும் கூட இருக்கிறது. செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்று பாதுகாப்பானதாகிவிடாது.

பாசிலஸ் துரிஞ்சென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து. காய்ப்புழுவுக்கு நல்லது. ஆனால் அதை இலையோடு தின்றால்தான் பூச்சி சாகும். அசுவினி இலையைத் தின்பதில்லை, உள்ளே ஓடும் சாற்றைக் குடிக்கிறது. ஆகவே பணம் வீண்.

மஞ்சள் ஒட்டுப்பொறி இறக்கை முளைத்த அசுவினி வந்துவிட்டதா என்று அறிய உதவும். செடியில் இருக்கும் கூட்டத்துக்கு இறக்கை இல்லை, அது பொறிக்குப் போகாது. சிர்பிட் ஈயும் குளவியும்தான் கூடச் சேர்ந்து மாட்டும். ஒன்றிரண்டு போதும்.

பூண்டு, மிளகாய்க் கரைசல்கள் ஓரளவு விரட்டலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் செறிவு மாறும், நம்பி இருக்க முடியாது. இலைச் சாம்பல் ஈரம் பட்டால் தீர்ந்தது.

## தழைச்சத்து என்ற மறைமுக அழைப்பு

சாற்றில் அமினோ அமிலம் குறைவு என்று பார்த்தோம். அதுதான் அசுவினியின் வளர்ச்சிக்கு உள்ள தடை. செடிக்குத் தழைச்சத்தை அள்ளிக் கொடுத்தால் அந்தத் தடை தளர்கிறது. சாற்றில் அமினோ அமிலம் கூடும், தளதளவென்று இளந்துளிர் தள்ளும், அசுவினி வேகமாக வளர்ந்து அதிகக் குஞ்சு போடும். மேலே நாம் எடுத்துக்கொண்ட 40 அப்போது 60 ஆகலாம், 8 நாள் 7 ஆகலாம், 97.5 சதவீத இலக்கு இன்னும் மேலே போகும்.

யூரியாவுக்கு மட்டுமல்ல, வாராவாரம் ஊற்றும் செறிவான திரவ இயற்கை உரங்களுக்கும் இது பொருந்தும். அசுவினி உள்ளபோது அவற்றை இரண்டு மூன்று வாரம் நிறுத்தலாம். மெதுவாகச் சத்து விடும் மட்கு உரம் மண்ணில் இருந்தால் செடி பட்டினி கிடக்காது.

## வைரஸ்: கணக்கு மாறும் இடம்

இதுவரை சொன்னதெல்லாம் சாறு இழப்பைப் பற்றியது. கொஞ்சம் அசுவினி இருந்தால் செடி தாங்கும். வைரஸ் விஷயத்தில் அந்தத் தாராளம் செல்லாது.

வெள்ளரித் தேமல் வைரஸ் போன்றவை அசுவினியின் வாய் நுனியில் ஒட்டிக்கொண்டு பயணிப்பவை. இறக்கையுள்ள அசுவினி ஒன்று உட்கார்ந்து, இது தனக்கேற்ற செடிதானா என்று ஊசியை இறக்கிச் சுவை பார்க்கும் சில வினாடிகளிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் நோய் ஏறிவிடும். எந்த மருந்தும் அதற்குள் அதைக் கொல்லாது. ஆகவே வெள்ளரி, பூசணி, மிளகாய், தக்காளி நாற்றுகளில் தெளிப்பதால் வைரஸைத் தடுக்க முடியாது. உட்காராமல் செய்வதுதான் வழி. இளம் பருவத்தில் நுண்வலை போர்த்தலாம், பூக்கத் தொடங்கும்போது எடுத்துவிடலாம். வலைக்குள் ஓர் அசுவினி முன்பே இருந்துவிட்டால் எதிரிகள் நுழைய முடியாத கோட்டையைக் கட்டிக் கொடுத்ததாகிவிடும், எனவே போர்த்தும் முன் நாற்றை நன்றாகப் பார்க்க வேண்டும். வெள்ளி நிறத் தகடு அல்லது விரிப்பைச் செடியடியில் பரப்புவதும் உதவும். வானத்தின் வெளிச்சம் கீழிருந்து திரும்புவதால் பறந்து வரும் அசுவினிக்குத் தரை தட்டுப்படுவதில்லை.

தேமல் வந்த செடி குணமாகாது. இலை கரும்பச்சையும் வெளிர்பச்சையுமாகத் திட்டுத்திட்டாகி, புதுத்துளிர் உருக்குலைந்தால், மேலே ஒரு பையைக் கவிழ்த்துப் பிடுங்கி எடுத்துவிடுங்கள்.

## வாசனைச் செடிகளும் வீட்டுக்குள் வளரும் செடிகளும்

புதினா, துளசி, கொத்தமல்லி போன்றவற்றை இலைக்காகவே வளர்க்கிறோம். வேப்பெண்ணெயின் கசப்பும் வாசனையும் அந்த இலையில் தங்கிவிடும், சமையலில் தெரியும். இவற்றுக்குத் தண்ணீரும் கத்தரிக்கோலும் போதும். புதினாவை மண்ணுக்கு இரண்டு விரல் மேலே மொத்தமாக வெட்டிவிட்டால் அசுவினியின் முழுக் குடியிருப்பும் போய்விடும். வேரிலிருந்து புதிதாகத் துளிர்க்கும். கொத்தமல்லி சில வாரப் பயிர். முற்றியதில் கடுமையாக மொய்த்தால் பிடுங்கிவிட்டு வேறு தொட்டியில் விதைப்பதே லாபம்.

பறித்த இலையில் ஒன்றிரண்டு அசுவினி இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஓடும் நீரில் அலசினால் போதும்.

வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்த செடிகளுக்கு இயற்கை எதிரிகள் வரவே மாட்டா. அங்கே அந்தத் தினசரி இழப்பை நாமேதான் உண்டாக்க வேண்டும்: விரலால் நசுக்குதல், குழாயடியில் கழுவுதல், நான்கைந்து நாளுக்கொரு முறை சோப்பு. புதுச் செடி வாங்கி வந்தால் பத்து நாள் தனியே வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

## வேலை நடக்கிறதா என்று எதைப் பார்ப்பது?

சுருண்ட பழைய இலை அசுவினி போன பிறகும் நிமிராது. அதைப் பார்த்துவிட்டு மறுபடி தெளிக்கக் கிளம்ப வேண்டாம். பார்க்க வேண்டியவை வேறு:

1. புதிதாக வந்த நுனித் துளிர் நேராக விரிகிறதா?
2. ஒரே கிளையின் அதே நுனியில் இன்று எண்ணியதும் நான்கு நாள் கழித்து எண்ணியதும் என்ன? குறைந்தால், எத்தனை மிஞ்சியிருந்தாலும், செய்வதைத் தொடர்ந்தால் போதும்.
3. மம்மிகள் தெரிகின்றனவா? அசுவினிக் கூட்டத்தில் பத்தில் ஒன்று மம்மியாகத் தெரிந்தாலே, கண்ணுக்கு இன்னும் தெரியாத புழுக்களோடு வேறு பல அசுவினிகள் நடமாடிக்கொண்டிருக்கும். அந்த வாரம் சோப்பையும் எண்ணெயையும் எடுக்காதீர்கள், எறும்பை மட்டும் தடுத்து நிறுத்துங்கள்.
4. இறக்கையுள்ள அசுவினிகள் கூடுகின்றனவா? நெரிசலாலோ சாறு வற்றுவதாலோ அவை உருவாகின்றன. இந்தச் செடியை விட்டுக் கிளம்பப்போகின்றன என்று பொருள். அப்போது பக்கத்தில் இருக்கும் அதே குடும்பச் செடிகளின் இலையடியைத் தினமும் புரட்டிப் பாருங்கள்.